பத்துச் சென்ரிமீற்றர்

ஏறாவூர்
04.11.2024

அன்பின் பிறின்ஸ்,

நலமா? அப்பாவின் முழங்கால் எப்படி? இன்னொரு விஷயம், போனில் கேட்டால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

வாவியில் நீர் எவ்வளவு உயரும் என்று என் பைதன் நிரல் அரைநாளாக உருட்டிய கணக்கை, நீ சீ மொழியில் எழுதித் தந்த பகுதி மூன்று செக்கனில் முடிக்கிறது. மாஷா அல்லாஹ், கெட்டிக்காரன்தான்! ஆனால் எவ்வளவு மழையைக் கொடுத்தாலும் விடை பூச்சியம். அது ஏன்? நீ தந்தது கொம்பைல் பண்ணிய கோப்பு. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை.

சனிக்கிழமை கூட்டம். நீர் உயராது என்றால் முகத்துவாரத்து மணலை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிடமாட்டார்கள். வெட்டாவிட்டால் வாப்பாவின் வட்டை வயல் முழுக்கத் தண்ணீரில். வெட்டினால் உங்கள் ஆட்கள் வாவியில் பிடிக்கிற இறால் கடலுக்குப் போய்விடும். "பாலமீன்மடுப் பொடியன்ட கணக்கு வேற எப்படிப் புள்ள வரும்?" என்கிறார் வாப்பா. என் மனதிலும் அது ஓடுகிறது. மூலநிரலை அனுப்பு.

நஸ்ஹா

*

பாலமீன்மடு
06.11.2024

அன்பின் நஸ்ஹா,

நான்கு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவள் கேட்கிற கேள்வியா இது? நன்றாக நொந்துபோனேன். நான் இங்கே ஓட்டினால் ஒன்று தசம் எட்டு மீற்றர் வருகிறது. மூலநிரல் இத்துடன். வாசித்துவிட்டு எழுது.

அப்பாவின் கால் பரவாயில்லை.

பிறின்ஸ்

*

ஏறாவூர்
09.11.2024

அன்பின் பிறின்ஸ்,

பிழை என்னுடையது. உன் பகுதி தசம எண்ணைத் திருப்பித் தருகிறது. அதைப் பைதனுக்கு ஒரு வரியில் சொல்லிவைக்க வேண்டுமாம். சொல்லாவிட்டால், வருவது முழு எண்தான் என்று அது தானே முடிவெடுத்து, வேறெங்கோ கிடந்த பூச்சியத்தைத் தூக்கிக் காட்டுமாம்! என்ன கூத்து பார். வரியைச் சேர்த்ததும் எனக்கும் ஒன்று தசம் எட்டு.

இன்று கூட்டத்தில் எழும்பி, "பிறின்ஸ்ட கணக்குக்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். புதன்கிழமை வெட்டுகிறார்கள். மன்னித்துக்கொள்.

வெட்கத்துடன்,
நஸ்ஹா

*

பாலமீன்மடு
10.11.2024

அன்பின் நஸ்ஹா,

நீ பொறுப்பெடுத்தாய் என்று வாசித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் அப்பா கேட்டார். "பத்துச் சென்ரிமீற்றர் குறைச்சுக் காட்டு மனே, வெட்டமாட்டாங்க. இறால் சீசன் முடியட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?" நான் எழுதினேன், நஸ்ஹா. விடையில் பத்தைக் கழிக்கிற ஒரு வரி. உனக்கு அனுப்புவதற்கு முன் அதை ஓடாமல் முடக்கிவிட்டேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. அதனால்தான் மூலநிரலைத் தராமல் கொம்பைல் பண்ணியதை மட்டும் தந்தேன். நீ கேட்ட அன்றுதான் அழித்தேன்.

கூட்டத்தில் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றால் எடு. கோபிக்கமாட்டேன்.

பிறின்ஸ்

*

ஏறாவூர்
11.11.2024

அன்பின் பிறின்ஸ்,

திருப்பி எடுக்கமாட்டேன். புதன்கிழமை வாப்பாவுடன் முகத்துவாரத்துக்கு வருவேன். நீயும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.

நீ முதலில் தந்த கோப்பையும், மூலநிரலில் இருந்து நானே கொம்பைல் பண்ணியதையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் கடைசித் தசமம் வரை ஒன்றுதான். நீ முடக்கித்தான் அனுப்பியிருக்கிறாய். அழுதுவிட்டேன்.

ஆனால் உன் கடிதத்தை வாசித்த கையோடு ஓட்டினேன், பிறின்ஸ். நம்பியிருந்தால் ஓட்டியிருக்கமாட்டேன். அதை உனக்கு மறைக்க எனக்கு முடியவில்லை.

நஸ்ஹா