இரண்டாவது ஆசி

இன்று கவிதா உருட்டிய பகடையிலிருந்து வறுத்த வேர்க்கடலை வாசம் வந்தது. அந்த இருபது முகப் பகடை உன்னுடையது. கடலை தின்ற கையோடு தொடாதே என்றால் நீ எங்கே கேட்டாய்? அவளும் சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டாள். நீ போய்விட்டாய், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் நிற்கிறது. என்ன நியாயமோ.

புடவைக்கு டிசைன் போடும் உன் கம்ப்யூட்டர் கடையின் மாடியில், ஞாயிறு மதியங்களில், நீ எங்களுக்குக் கதை நடத்துவாய். பெங்களூரில் நீ கற்றுவந்த விளையாட்டு. காடு, குகை, ராட்சசன் என்று நீ சொல்லிக்கொண்டே போக, நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் உள்ளே புகுந்து பகடை உருட்டுவோம். என் அக்கா மகள் கவிதாவும் அவள் தோழியும் மந்திரம் போடும் பூசாரிகள். நான் வீரன். ஆரணியிலிருந்து வேலூர் வரைக்கும் அப்படியொரு வீரன் பிறந்ததில்லை. எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் என் வீரனுக்கு நான் சொன்ன வரலாற்றை எந்தப் பேராசிரியர் சொல்லிவிடுவார்? ஒரே வீச்சில் ஒன்பது ராட்சசர்கள்!

"மூணுடா" என்பாய் நீ. உனக்கு எப்போதும் கணக்கு.

கடைசி ஆட்டத்தில் நெருப்புப் பாம்பு வந்தது. வெட்டு விழாவிட்டால் வீரன் காலி. பூசாரிகள் இருவரும் எனக்கு ஆசி மந்திரம் போட்டார்கள். பகடையில் விழுகிற எண்ணோடு கொஞ்சம் கூட்டித் தருகிற மந்திரம் அது. உருட்டினேன். ஒரு ஆசியைக் கூட்டினால் போதவில்லை, இரண்டையும் கூட்டினால் பாம்பு செத்திருக்கும்.

"ஒரே பேருள்ள மந்திரம் ரெண்டு வாட்டி போட்டா ரெண்டா ஆவாது. எது பெருசோ அது ஒண்ணுதான்" என்றாய்.

"கேடயத்தயும் ஆசியயும் போன வாரம் கூட்டினியே?"

"அது வேற வேற மந்திரம், கூடும். இது ரெண்டும் ஒண்ணு. கல்யாணத்துல ரெண்டு அய்யரு மந்திரம் சொன்னா உனுக்கு ரெண்டு பொண்டாட்டியா?"

"பட்டுல ரெண்டு இழை சேந்தா கனம் கூடுதே!"

"ஒரே இழைய ரெண்டு வாட்டி எண்ணினா கூடாதுடா. சும்மா கத்திகினு இருக்காத. உன் ஆளு செத்துட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். சுடச்சுட ஒரு பதிலை அடுத்த ஞாயிறுக்கு நான் தயாராக வைத்திருந்தேன். வியாழக்கிழமை உனக்கு மாரடைப்பு. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது கதை நடத்துவது கவிதா. நல்ல பெண், கை தாராளம். இன்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, இனிமே நம்ம டேபிள்ல எல்லா மந்திரமும் கூடும். அன்னிக்கி போட்ட ரெண்டு ஆசியயும் கூட்டிக்கலாம். உங்க வீரன் பொழச்சிட்டாரு!"

எல்லாரும் கைதட்டினார்கள். பொய் சொல்லவில்லை, எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. என் வீரன் திரும்பி வந்தால் அவனைப் பற்றிச் சொல்வதற்குப் பத்து வருடத்துக்குக் கதை என்னிடம் இருக்கிறது.

"வேணாம்மா" என்றேன்.

"ஏன் மாமா? நீங்கதான அவ்ளோ சண்ட போட்டீங்க?"

"சண்ட போட்டது நானு. தீர்ப்பு சொன்னது அவன். மாத்தணும்னா அவன் வந்து மாத்தட்டும்."

பிறகு விளையாடினார்கள். ஆசிமேல் ஆசி அடுக்கினார்கள், ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கும் பயமில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது.

நீ சொன்னது தப்பு. இப்போதும் சொல்கிறேன், இரண்டு ஆசியும் கூடும், கூடத்தான் வேண்டும். மறுத்துப் பேச நீ இல்லாததால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளைகள் நினைக்கின்றன. இப்படி ஜெயிக்கவா உன்னோடு அவ்வளவு கத்தினேன்?