ஒரு சீவல்

மே 9
விவாகரத்து ஆகியும் ஷிகெக்கியோடு ஒரே வேலை. விடுதிக்காரர் நகுமோ பழைய ஏற்பாட்டை மாற்றமாட்டாராம். வரவேற்பறைச் சுவருக்கான குமிக்கோவில், அதாவது மெல்லிய மரச்சட்டங்களைக் கோத்துச் செய்யும் ஓவியத்தில், மலை என்னுடைய பாதி, மேகம் அவனுடையது. ஆணி இல்லை, பசை இல்லை. நடுவில் என் மரத்தில் வெட்டிய காடிகளுக்குள் அவன் மரத்தில் நீட்டிய நாக்குகள் நுழைந்து உட்கார வேண்டும். பொருத்தும்போது யார் பாதி சொதப்புகிறதோ அவர் வெளியே என்று நகுமோ நிபந்தனை. அடுத்து வரும் உணவகச் சுவர் முழுவதும் மற்றவருக்கு.

அது எனக்கு வேண்டும். எனக்கு மட்டும்.

மே 21
பட்டறைக்கு நடுவே பலகைத் தடுப்பு அடித்தும் அவன் இழைப்புளிச் சத்தம் கேட்கிறது. மிஸோ சூப்பை உறிஞ்சுவானே, அதே சத்தம்.

ஜூன் 2
மரக்கடையில் எதிரே வந்தான். "காடி அளவு பேசினபடிதானே, கினுயோ?" என்றான். ஆமாம் என்றேன். முகத்தைப் பார்க்காமல்தான்.

ஜூன் 6
பேசினபடி இல்லை. எல்லாக் காடியையும் பேசினதைவிட ஒரு மரச்சீவல் கனம் குறுக்கிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது. நுழையாவிட்டால் எல்லாரும் நாக்கைத்தான் குறை சொல்வார்கள்.

பாவமா? எதுக்குப் பாவம்? பத்திரிகைக்காரன் வந்தா "என் வேலை"ன்னு நெஞ்சை நிமிர்த்துவான். அந்தப் பழைய பூ வேலையில இதழ் இதழா யார் இழைச்சது — நான். நான்தானே?

ஜூன் 7
நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 18
பொருத்தினோம். ஷிகெக்கி கொட்டாப்புளிகூட எடுத்துவரவில்லை. உள்ளங்கையால் அழுத்தினான், அவ்வளவுதான். நாக்குகள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. நகுமோ கை தட்டினார். உணவகச் சுவரும் இருவருக்குமே என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஷிகெக்கி தன் பாதியைச் சுற்றிக் கொண்டுவந்த துணியைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தான்.

"நீ ஒரு சீவல் குறைப்பேன்னு தெரியும். நானும் நாக்குல ஒரு சீவல் எடுத்துட்டேன்."

"நான் குறைக்காம இருந்திருந்தா?"

"லொடலொடன்னு ஆடியிருக்கும். என் பொழப்பு அதோட போச்சு." சிரித்தான். "குறைக்காம இருக்கிற ஆளா நீ? உன்கூடக் குடும்பம் நடத்தினவன்டி நான்."

வீடு வரும்வரை எனக்கு ஆறவில்லை. கோபம். நான் நேர்மையாக இருந்திருப்பேனோ என்று அவனுக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

ஜூலை 4
உணவகச் சுவருக்குக் காடி வெட்ட உட்கார்ந்தேன். இந்த முறை பேசின அளவு, இம்மி பிசகாமல். அதுதான் அவனைக் கவிழ்க்கும்.

உளியை வைத்தேன். எடுத்துவிட்டேன். இதையும் யோசித்திருப்பானோ?

தடுப்புக்கு அந்தப் பக்கம் இழைப்புளிச் சத்தத்தைக் காணோம். அவனும் இன்னும் தொடங்கவில்லை.