ஏர் படாத உளுந்து

மாம்பலம்,
மாசி மாதம்

ரங்கூனில் இருக்கிறவருக்கு,

நெல் அறுத்த தாளிலேயே உங்கள் தம்பி கன்னியப்பன் உளுந்தைத் தூவிவிட்டார். ஏர் கட்டவில்லை. "உளுந்துக்கு ஏரு இன்னாத்துக்கு அண்ணி? ஈரத்துலயே முளைச்சிக்கும்" என்றார். முளைத்தது, நானும் நம்பினேன். ஆனால் அவர் உழவு மாட்டையும் விற்றபோது மனசு உறுத்தியது.

நேற்று களை பிடுங்கப் போனேன். செடிகளுக்குள் வரிசையாக, நம்பர் போட்ட மனைக் கற்கள். ஏர் ஓட்டியிருந்தால் அத்தனையும் பெயர்ந்திருக்கும். "நெலத்த வித்துட்டியாப்பா?" என்று கேட்டேன். "அண்ணனாண்ட கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன கப்பலில் எனக்குக் கடிதம் இல்லை. உங்கள் தம்பிக்கு மட்டும் உங்களிடமிருந்து கனமான உறை வந்தது.

விற்பனைப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இரவல் ஏர் வாங்கி, கல்லோடு சேர்த்து நானே உழுதுவிடுகிறேன்.

இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கும்,
உங்கள் மனைவி