திங்கட்கிழமைக்குள் ஓட வேண்டும்

2025 ஜூன் 12, வியாழன்

இன்றும் கருவாட்டுக் குழம்புதான். பேத்தி ஜெர்லின் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்தது.

வீட்டில் இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வெப்சைட் செய்கிறாள். அங்கே ஓடுவது இவள் லேப்டாப்பில் ஓடவில்லையாம். திங்கட்கிழமைக்குள் சரியாக்கு, இல்லாவிட்டால் இங்கே வந்து உட்கார் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சென்னை என்றால் ஹாஸ்டல். போன வருடம் அந்த ஹாஸ்டல் சாம்பாரைத் தின்றுதான் மஞ்சள் காமாலையோடு வந்து விழுந்தாள். நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார்களா?

ஜூன் 13, வெள்ளி

என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். டாக்கர் என்று ஒன்றாம். வெப்சைட்டுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று லேப்டாப்புக்குள் தனித்தனி அறை மாதிரி. சென்னையில் எந்தப் பதிப்போ அதே பதிப்பை அதற்குள் வைப்பாளாம். ஏற்கெனவே லேப்டாப்பில் கிடப்பதோடு உரசாது. “அங்கன ஓடுறது அப்படியே இங்கனயும் ஓடும் ஆச்சி” என்றாள். வேண்டியதை எல்லாம் நெட்டில் இருந்து இறக்க வேண்டுமாம். அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றினேன்.

ஜூன் 14, சனி

செபமாலை நேரத்தில் இந்த வீட்டில் டிவி, போன், நெட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அவள் தாத்தா வைத்த சட்டம். அவள் குளிக்கப் போயிருந்தாள். நெட் சுவிட்சை நான்தான் அணைத்தேன்.

பாதிக்கு மேல் இறங்கியிருந்ததாம். திரும்பப் போட்டால் நெட் பெட்டியில் சிவப்பு விளக்குதான். நெட்காரன் செவ்வாய்தான் வருவானாம். போனில் அவ்வளவு பெரிசு இறங்காதாம்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். “தெரியாமத்தானே ஆச்சி செஞ்சீய” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எதிர்வீட்டுப் பிலோமியிடம் நல்ல நெட் இருக்கிறது. ஜெர்லின் அந்தப் பெயரையே எடுக்கவில்லை. என் முகத்துக்காக. என் மகள் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார வைத்தோம் என்று பந்தியில் இருந்து பாதியில் எழுந்து போனவள் பிலோமி. கத்தரிப்பூ நிறச் சேலை. சோறு பத்தவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் இலையில் சோறு கிடந்ததை நான் பார்த்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

பூசை முடிந்ததும் போனேன். வாசலில் நின்றே, பிள்ளைக்கு நெட் வேண்டும், என்னால்தான் கெட்டது என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிலோமி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“பிள்ளைய வரச் சொல்லு. எங்க வீட்ல பின்வரிசை கெடையாது.”

வாயைப் பார்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஜெர்லினுக்கு மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். இறால் வைத்தாளாம். நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஓடுகிறது. மேலாளரும் பார்த்துவிட்டார்.

ஜூலை 2, புதன்

சென்னையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கும் இதே மாதிரி அமைக்கச் சொல்லிக்கொடுப்பது இனி ஜெர்லின்தான். இங்கிருந்தே. மத்தியானம் முழுக்கப் போனில் பேச்சு, சிரிப்பு வேறு. எனக்குக் கண் அசரவே இல்லை. ஜெர்லின் எட்டிப் பார்த்து, கதவைச் சாத்தவா என்று கேட்டாள்.

திறந்தே கிடக்கட்டும் என்றேன்.