இரண்டு கொளஞ்சியம்மாள்

என்னங்க,

உங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் மலையில் சிக்னல் கிடைக்காததால் எழுதுகிறேன். முழங்காலுக்கு ஊசி போட்டாயிற்று. நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்பதை மூட்டில் ஏற்றுகிறார்கள். சொந்த ரத்தம் என்பதால் பயமில்லை என்றார் டாக்டர். வலி குறைந்திருக்கிறது. கரும்புக் கொல்லைக்கு நடந்தே போய் வருகிறேன்.

அன்றைக்கு ஒரு வேடிக்கை. நர்ஸ் "கொளஞ்சியம்மா" என்று கூப்பிட்டதும், நானும் நைனார்பாளையத்து அம்மா ஒருவரும் சேர்ந்தே எழுந்தோம். அவருக்கும் அதே பெயர், அதே ஊசி. எல்லோரும் சிரித்தோம்.

நேற்று அந்த நர்ஸ் வீட்டுக்கே வந்தாள்.

"இன்னொரு தபா ரத்தம் குடுக்கணும்க்கா."

"இன்னாத்துக்கு? காலு நல்லாத்தான இருக்கு?"

"உங்க ரெண்டு பேரு ரத்த ட்யூப்பும் மாறிப்போச்சோன்னு டாக்டருக்கு சந்தேகம்."

"அந்தம்மாவுக்கு இன்னா?"

"அத நான் சொல்லக்கூடாதுக்கா. ஊசி போட்டப்புறம் வூட்டுக்காரரு வந்தாரா?"

இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றாள்.

ரத்தம் கொடுத்துவிட்டேன். இன்று காலையில் அரிவாள்மனையில் விரல் கிழிந்தது. அரிந்த காயையெல்லாம் குழி தோண்டிக் கொட்டினேன். ரம்யா சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள். ஏன் என்று கேட்டாள், திட்டி அனுப்பினேன்.

பொங்கலுக்கு வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுத்த வியாழக்கிழமை ரிசல்ட் வாங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னால் தனியாகப் போக முடியாது. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி