என் பெயரில் ஓட்டியவள்

மார்ச் 4, 2025

காலையில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கான கடைசித் தேர்விலும் தேறிவிட்டேன். நாற்பத்து நான்கு வயதில் நாற்பதடி வண்டியைப் பின்னோக்கி எடுத்து, ஒரு கூம்பைக்கூடத் தட்டாமல் நிறுத்தினேன். போக்குவரத்து அலுவலகத்து டுவேன், "ஆகஸ்ட்ல உனக்கு ஒரு ரூட் வெச்சிருக்கேன் கொரின், பின்னணி விசாரணை மட்டும் வரட்டும்" என்றார். வந்தால் என்ன? நான் என்ன, வங்கியையா கொள்ளையடித்தேன்?

படுக்கையும் அடுப்புமாக ஊர் சுற்றும் கேம்பர் வண்டிகளுக்கு மெத்தை உறை தைக்கும் இந்த வேலைக்கு இன்னும் ஐந்து மாதம்தான்.

மார்ச் 6

டுவேன் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "ஏன் கொரின், முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

எதைச் சொல்வது? 2009-இல், தெற்கே மூன்று மணி நேரம் தள்ளி ஒரு மாவட்டத்தில், தாறுமாறாக வண்டி ஓட்டியதற்காக எனக்குத் தண்டனையாம். குற்றத்தை ஒப்புக்கொண்டேனாம். அபராதமும் கட்டினேனாம். போலீஸ் எழுதிக் கொடுக்கும் வெறும் அபராத டிக்கெட் இல்லை. சிறு குற்றம்தான், ஆனாலும் குற்றம். விண்ணப்பத்தில் 'தண்டனை ஏதும் இல்லை' என்று எழுதியிருந்தேன். இப்போது நான் பொய்க்காரியும்கூட.

அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. போனதே இல்லை!

"பிறந்த தேதி உன்னுது. லைசென்ஸ் நம்பரும் உன்னுது" என்றார் டுவேன். அவர் என்னை நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 7

ரோண்டாவிடம் மட்டும் சொன்னேன். இருபது வருடமாகத் தையல் மேசையில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "பேசாம ஒத்துக்கோ கொரி. பழைய கேஸு. மனு போட்டா அழிச்சிடுவாங்க. என் மாமா பையனுக்கே அழிச்சாங்க. நான் செய்யலன்னு கெளம்பினா வருஷக் கணக்கா இழுக்கும்."

செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது?

"அட, யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே.

மார்ச் 12

நூலகத்தில் புதன்கிழமைதோறும் இலவச சட்ட உதவி. வக்கீல் பொன்ட்ரேகர் என்னைவிட இளையவள், பெரிய காலணி போட்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, தண்டனைய ஏத்துக்கிட்டு, அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, பதிவை நீக்குங்கன்னு கேக்கறது. சுலபம். ஆனா இந்த மாநிலத்துல ஒரு ஆளுக்கு வாழ்க்கையில ஒரே தடவைதான் அப்படிக் கேக்க முடியும். அந்த ஒரு தடவைய வேற யாரோ செஞ்சதுக்குச் செலவழிச்சிடுவீங்க. ரெண்டாவது, அது நான் இல்லன்னு நிரூபிச்சு, தீர்ப்பையே ரத்து பண்ண வைக்கறது. அது கஷ்டம். அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

என்ன தேதி என்று கேட்டேன். மார்ச் 14, 2009. மாலை மூன்று நாற்பது.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என் மகள் டெஸ்ஸா பிறந்து ஆறாம் நாள். ஏழு மாதத்தில் பிறந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். ஐந்து வாரம் நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை.

"அப்போ உங்க லைசென்ஸ் யார் கையில இருந்துச்சு?" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 13

கைப்பை வீட்டில் இருந்தது. வீட்டில் இருந்தவள் ட்வைலா.

மார்ச் 15

இரண்டு நாளாக இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். டெஸ்ஸாவின் அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டான். வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள என் அக்கா ட்வைலா வந்து தங்கினாள். அப்போது அவள் குடித்துக்கொண்டிருந்தாள் — காலையிலேயே. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். அதே முகவெட்டு, அதே முடி. லைசென்ஸ் படத்தைப் பார்த்து எந்தப் போலீஸ்காரனும் ஏமாறுவான்.

இன்னொன்று. அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, 'பெட்டிக்குள்ள இருக்கற பிள்ளையப் பாக்க எனக்கு மனசு வரல' என்றாள். பதினாறு வருடமாக அது எனக்குள் முள். எங்கே போய்த் திரிந்தாள் என்று இப்போதல்லவா புரிகிறது?

தபால்பெட்டியைத் திறந்ததும் அவள்தானே. கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருந்தால் யார் கண்ணில் படும்? அடுத்த வருடம் என் கார் காப்பீடு திடீரென்று ஏறியது. கேட்டதற்குக் காப்பீட்டு அலுவலகத்துப் பெண் ஏதோ கணக்குச் சொன்னாள், நானும் மண்டையை ஆட்டினேன்.

மார்ச் 20

ட்வைலா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன்? வக்கீல் 'கோப்பு வரட்டும், அதுவரை யார் கிட்டயும் பேசாதீங்க' என்றுதான் சொல்லியிருந்தாள்.

நான் கத்தவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறதே. 'நீ வாங்கின டிக்கெட்' என்று சொல்லிவிட்டேன். 'வாங்கினியா?' என்றுகூட இல்லை.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"குடிய விட்டப்போ, நான் யாருக்கெல்லாம் கெடுதல் செஞ்சேன்னு ஒரு பட்டியல் எழுதினேன். ஞாபகம் இருக்கா? இதே மேசைல உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சேன் உன்கிட்ட. உன் மோதிரத்த அடகு வெச்சதக்கூடச் சொன்னேன், அது உனக்கே தெரியாது. இந்த டிக்கெட் அதுல இல்ல. ஏன்னா நான் செய்யல."

"அப்ப வேற யாரு?"

"அத நீ தேடு. எனக்கு உருளைக்கிழங்கு இருக்கு."

கதவுவரைகூட வரவில்லை. குடிகாரர்களுக்குப் பாதி விஷயம் ஞாபகமே இருக்காது என்று காரில் வரும்போது நினைத்தேன். செய்துவிட்டு மறந்திருக்கலாம் இல்லையா?

மார்ச் 27

ரோண்டா மறுபடியும்: "மனு போட்டியா? சுலபமானதத்தானே போட்ட?" மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். என்மேல் அக்கறை.

ஏப்ரல் 2

கோர்ட் கோப்பின் நகல் வந்தது. நூலக மேசையில் பரப்பி, பொன்ட்ரேகரும் நானும் பார்த்தோம். டிக்கெட், ஒப்புதல் படிவம். இரண்டிலும் 'என்' கையெழுத்து.

அது ட்வைலாவின் கையெழுத்து இல்லை. அவள் இடக்கைக்காரி, எழுத்தெல்லாம் பின்னால் சாயும்.

இரண்டு இடத்திலும் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தது. ஓர் 'ஆர்' வரவேண்டிய இடத்தில் இரண்டு, இரண்டு 'என்' வரவேண்டிய இடத்தில் ஒன்று. "தன் பேரையே தப்பா எழுதற ஆளு உண்டா?" என்று பொன்ட்ரேகர் கண்ணைச் சுருக்கினாள். "உங்க பேர இப்படி எழுதற யாரையாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 3

பிறந்தநாள் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு இருந்தன. அத்தனையிலும் இரண்டு 'ஆர்', ஒரு 'என்'. கேலி செய்துகூட இருக்கிறேன், 'இத்தனை வருஷமாச்சு, என் பேரு எழுத வரலியாடி' என்று.

ரோண்டா.

ஏப்ரல் 4

மதிய இடைவேளையில், வண்டி நிறுத்துமிடத்தில் அவள் காரில் உட்கார்ந்து நகலைக் காட்டினேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆம்புலன்ஸ்ல ஏறும்போது உன் கைப்பைய என் கையில குடுத்த. ஞாபகம் இல்லையா? ஒரு வாரம் என்கிட்டதான் இருந்துச்சு."

நினைவில்லை. சத்தியமாக இல்லை.

"எனக்கு அப்ப லைசென்ஸ் முடக்கி வெச்சிருந்தாங்க. என் பையன் ப்ராடி அவங்கப்பன் கிட்ட இருந்தான், கூட்டிட்டு வரப் போனேன். அடுத்த வாரம் புள்ள யாருக்குன்னு தீர்ப்பு. என் பேர்ல இன்னொண்ணு விழுந்தா புள்ள போயிருக்கும், கொரி. போலீஸ்காரன் கண்ணாடியத் தட்டறான். பை பக்கத்து சீட்ல இருக்கு. கை தானா போச்சு. படத்த அவன் சரியாப் பாக்கக்கூட இல்ல."

"அது ஒரு நிமிஷம்டி. கோர்ட்டுல போய்க் கையெழுத்துப் போட்டது? அது தானா போன கையா?"

அழுதாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிவிட நினைத்தாளாம். 'ட்வைலாவப் போய்க் கேட்டேன்' என்று நான் சொன்னபோது இதே கார்தான். 'ஐயோ பாவம்' என்று மட்டும் சொன்னாள்.

வக்கீலிடம் ஒரு வாக்குமூலம் எழுதித் தருவாயா என்றேன். இப்போது அவள் பேரனுக்கு அவள்தான் கோர்ட் நியமித்த பாதுகாவலர்; இது வெளியே தெரிந்தால் அவனைப் பிரித்துவிடுவார்களாம். "அத மட்டும் கேக்காத" என்றாள்.

ஏப்ரல் 5

டெஸ்ஸாவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ரோண்டா ஒரு கோட் வாங்கித் தருவாள். நல்ல கோட். நான் வாங்குவதைவிட நல்லது. அது அன்பா, அபராதமா? இருபது வருடத்தில் எது எதுவென்று இனி எப்படிப் பிரிப்பது?

ஏப்ரல் 9

பொன்ட்ரேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோண்டாவைத் தண்டிக்கும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டதாம். ஆனால் அவள் வாக்குமூலம் தராமல், பெயரில் இரண்டு எழுத்து மாறியிருப்பதை மட்டும் வைத்து நீதிபதி தீர்ப்பை ரத்து செய்வது சந்தேகமாம். ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும்.

பெரியவர்களின் பழைய பதிவுகளை அழித்துவிடுவார்களாம். என்னுடையது இல்லை. குழந்தையுடையது மட்டும் இருக்கிறது. குழந்தை அங்கே இருந்தாள் என்று அது சொல்லும். அம்மா எங்கே இருந்தாள் என்று யார் சொல்வது?

"உங்கள அங்க பாத்த ஆள் யாராவது?"

வந்து பார்த்தவள் ரோண்டா ஒருத்திதான்.

ஏப்ரல் 16

டெஸ்ஸாவின் பதிவு வந்தது. முந்நூறு பக்கம். எடை, பால், மூச்சு. மார்ச் 14 பக்கத்தில் ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள்:

'பிற்பகல் 2.10. தாயின் அக்கா வந்தார். மது வாடை. உள்ளே அனுமதிக்கவில்லை.'

நூலகத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். பொன்ட்ரேகர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். கூப்பிடாமலே ட்வைலா வீட்டுக்குப் போனோம். டெஸ்ஸாவைப் பார்த்ததால்தான் உள்ளே விட்டாள். பன்றித் தொடை அடுப்பில் இருந்தது. தாளை மேசையில் வைத்தேன். படித்தாள். காது சிவந்தது.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? உன் புள்ளையப் பாக்க வந்தேன், நாத்தம் அடிக்குதுன்னு தொரத்திட்டாங்கன்னா? மனசு வரலன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப கேக்கறியே, நான் சொன்னத நம்பினதால கேக்கறியா? இல்ல, வேற ஆளு கெடச்சதால கேக்கறியா?"

எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

சாட்சி சொல்ல வருவாயா என்று எப்படிக் கேட்பேன்? பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிறவள். அந்த வரியை ஊரார் முன் வாசிப்பார்கள். டெஸ்ஸாதான் கேட்டாள். ட்வைலா அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்துவிட்டு, "எந்தத் தேதி?" என்றாள்.

மே 6

ரோண்டா காலை ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேசையில் புதிதாக ஒரு பெண். என் கத்தரிக்கோலை எடுத்தாள். கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது. பாவம், பயந்துவிட்டாள்.

ஜூன் 17

மூன்று மணி நேரம் ஓட்டிப் போனோம், நானும் ட்வைலாவும். அவள் நெளிந்துகொண்டே வந்தாள். கோர்ட் நாளன்று வர மாட்டாளோ, வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவாளோ என்று கடைசிவரை சந்தேகப்பட்டேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசு வக்கீல் எதிர்த்தார். சத்தமில்லாத, மரியாதையான மனிதர். அதுதான் பயமாக இருந்தது. ட்வைலாவிடம் கேட்டார்: "அன்னிக்கு நீங்க குடிச்சிருந்தீங்க. இல்லையா?"

"ஆமா."

"பதினாறு வருஷத்துக்கு முந்தி, போதைல இருந்த ஒரு நாள. உங்க தங்கச்சி அங்க இருந்தாங்கன்னு எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"நர்ஸம்மா வெளிய போகச் சொன்னாங்க. நான் போகல. தாழ்வாரத்துல ஒரு கண்ணாடி இருக்கு, அது வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். இவ பச்சை கவுனு போட்டு உக்காந்திருந்தா. பொட்டில ஒரு ஓட்டை இருக்கும், அதுல கைய விட்டு, ஒரு விரல மட்டும் அந்தக் குழந்த மேல வெச்சிருந்தா. எடுக்கவே இல்ல. வெளிய இருட்டற வரைக்கும் நின்னேன். இவ திரும்பினா என்னப் பாத்துடுவாளேன்னு பயந்துக்கிட்டே நின்னேன். திரும்பவே இல்ல." பிறகு சொன்னாள்: "சார், நான் குடிச்ச நாள்ல முக்காவாசி மறந்துபோச்சு. இது மறக்கற மாதிரி நாள் இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

என்னிடம் நீதிபதி, ஓட்டியது யார் என்று தெரியுமா என்றார். சத்தியம் செய்த வாய். ரோண்டாவின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். சொன்னேன்.

திரும்பி வரும்போது வழியில் வறுத்த மீன் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். "பச்சை இல்லடி, அந்தக் கவுன் நீலம்" என்றேன். "பச்சைதான்" என்றாள்.

ஜூலை 9

தீர்ப்பு ரத்து. டிக்கெட், கைது, வழக்கு எதுவும் என் பெயரில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. ஒன்றரைப் பக்கம். வாழ்க்கையில் ஒரே தடவை கேட்கக்கூடிய அந்த மனு இன்னும் என் கையில் பத்திரமாக இருக்கிறது. பயன்படாமல் போகட்டும்.

டுவேனிடம் நகல் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

ஆகஸ்ட் 1

ரோண்டா வருடா வருடம் தருகிற கோட் ஒன்று வாசலில் கிடந்தது. ஆகஸ்டிலேயே. சீட்டு இல்லை. டெஸ்ஸா போட்டுப் பார்க்கவில்லை, தூக்கியும் எறியவில்லை. நானும்.

ஆகஸ்ட் 21

பேருந்தில் மூன்றாவது வாரம். முப்பத்தொன்பது பிள்ளைகள், பதினான்கு நிறுத்தங்கள். கார் ஓட்டாத ஆமிஷ் மதத்தவர்களின் குதிரை வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகப் பழகிவிட்டேன்.

மதியம் ட்வைலா கூப்பிட்டாள். குடியை விட்டு வரும் வியாழனோடு எட்டு வருடம். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில் கேக் வெட்டுவார்களாம். வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வரலாமாம். இதுவரை அவள் யாரையும் அழைத்ததில்லை.

"அஞ்சரைக்கு" என்றாள். "உனக்கு வேல இருந்தா பரவால்ல."

"கடைசிப் பிள்ளைய இறக்கிட்டு, வண்டிய விட்டுட்டு வரணும். ஆறு ஆயிடும் ட்வைலா."

மறுமுனையில் யாரோ பல் பிடுங்கிக்கொண்டு வந்த பெரியவரிடம் அவள் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "சரி, வா. ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்றாள்.