சட்டைகளுக்கு நடுவே

கண்ணம்மா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் அப்பாவின் அஸ்திக் கலசத்தை அவருடைய அலமாரியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். பிறகுதான் முகம் கழுவினேன்.

நேற்று பள்ளியில் இந்து சமயம் பற்றி அறிமுகப் பாடம் நடத்தினேன். ஆன்மாவுக்கு அழிவில்லை, உடல்தான் மாறுகிறது என்று சொல்லிவிட்டுச் சாதிக்கு வந்தேன். கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள்.

"அடுத்த பிறவில ஜாதி மாறிப் பொறந்துட்டா, பழைய சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள விடுவாங்களா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் பெரியப்பா காத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை அஸ்தியை என் பையன் கரைச்சிடுவான். ஜாதி விட்டுப் போனவ கை பட்டா என் தம்பி கரை சேர மாட்டான். காலங்காலமா இதான் வழக்கம். படிச்சவளுக்குத் தெரியாதா?"

வழக்கங்கள் எத்தனை முறை மாறியிருக்கின்றன என்பதும் படித்தவளுக்குத் தெரியும். காபி கொடுத்தேன்.

அப்பாவை எரித்த அன்று சுடுகாட்டு வாசலோடு உன்னைத் திருப்பி அனுப்பினார்களே, செருப்பைக் கையில் பிடித்தபடி நீ நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன் பெயரைச் சொன்னதே இல்லை. ஆனால் உன்னோடு பேசிவிட்டு நான் போனை வைத்ததும், செய்தித்தாளை இறக்காமலே, "இருமல் விட்டுச்சாமா?" என்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்.

பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கப்போவதில்லை. சனிக்கிழமை மாப்பிள்ளையோடு வா, முன்வாசல் வழியாகவே வா. கலசத்தை நீதான் தூக்கப்போகிறாய்.

உன் அம்மா